முகம் சுளிப்பது அவர் வேலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் துணி காயப்போடுவது லிஃப்ட்காரர்தான். வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு உதறு உதறி, தோள் தையலை நேராக இழுத்துவிட்டுக் கம்பியில் போட்டு கிளிப் மாட்டுவார். அடுத்த கிளிப் எப்போதும் பல்லுக்கிடையில் தயாராக இருக்கும். பெரிய துணி பின்னால், சின்னது முன்னால், சாக்ஸ் ஜோடி பிரியாமல் ஓரத்தில். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டு ஓடுகிறது. அந்தக் கைக்குக் கொடிக்கம்பியிலும் எடை ஒரு பக்கமாகச் சாயக்கூடாது.

"ஏங்க, அது துணிங்க. அறுந்து விழுந்தாலும் உள்ள ஆள் இல்ல," என்பாள் மனைவி.

கிளிப்பைக் கடித்தபடியே, "ம்," என்பார்.

மனைவிக்குத் தெருவில் கண்ணாடிக்காரம்மா என்று பெயர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதித்து லென்ஸ் போட்டுக்கொடுக்கிறவள். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு, கையைத் தலைக்கு மேல் தூக்கி எந்த வேலையும் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் இந்த வேலை கை மாறியது. அதுவரை துணிக்கொடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத மனுஷர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பால்கனிக்குக் கீழே ஒரு கார் போனது. எட்டிப்பார்க்க வேண்டியதில்லை, சத்தமே சொல்லிவிட்டது. மற்ற கார்களெல்லாம் முனகிக்கொண்டு போகும் தெருவில், இது தொண்டையைச் செருமிவிட்டுப் போனது. லிஃப்ட்காரர் ஈரச்சட்டையின் ஒரு கையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கழுத்து திரும்பவில்லை, காது மட்டும் திரும்பியது போலிருந்தது. சட்டையிலிருந்து தண்ணீர் அவர் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் தெருமுனை தாண்டி முழுசாகக் கரைந்த பிறகு, ஏற்கெனவே உதறிய சட்டையை மறுபடியும் எடுத்து உதறினார்.

டீ டம்ளரோடு கதவோரம் நின்றவள் அதைப் பார்த்தாள். இன்று நேற்றல்ல, எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். சாப்பிடும்போது அந்த மாதிரி சத்தம் கேட்டால் மெல்லுவதை நிறுத்திவிடுவார். பேசிக்கொண்டிருந்தால் பாதி வார்த்தையில் நிற்பார். கேட்டால், "எந்த வண்டி?" என்று அவளையே திருப்பிக் கேட்பார்.

'இந்த மனுஷனுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்,' என்று அவள் முடிவு செய்தது அந்த டீ ஆறுவதற்குள்தான். முடிவு சுலபம். அதை அவரிடம் சொல்வதில்தான் சிக்கல்.

ஏனென்றால் அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது. கேட்டால் சிரிப்பார்கள். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளுக்கா தெரியாது என்பார்கள். தெரியாமல் போனதற்குக் காரணம், அவர்கள் பொருள் வாங்கும் முறை.

அது கல்யாணமான புதிதில் ஒரு கட்டில் கடையில் தானாக அமைந்தது. அவளுக்குக் கட்டில் பிடித்துவிட்டது. பிடித்தது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கடைக்காரர் அதைப் படித்துவிட்டு விலையில் இம்மியும் நகரவில்லை. லிஃப்ட்காரர் ஒன்றும் பேசாமல் கட்டில் காலைத் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது, திரிந்துபோன பாலைக் குடித்தவர் மாதிரி முகம் சுளித்திருந்தது. கைக்கடிகாரப் பட்டையை ஒரு திருகு திருகி, "வா, போலாம்," என்று வாசலைப் பார்த்து நடந்தார். அவள் கண் கலங்கப் பின்னால் போனாள். தெருமுனை தாண்டவில்லை, கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கட்டில் வீட்டுக்கு வந்தது, கூடவே ஒரு மெத்தையும்.

அன்றிலிருந்து அதுதான் முறை. ஆசைப்படுவது அவள் வேலை, முகம் சுளிப்பது அவர் வேலை. பட்டையைத் திருகினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜ், தையல் மெஷின், ஜன்னல் திரை, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார், எல்லாம் அப்படி வந்தவைதான். தெருமுனை தாண்டியதும் அவர் முகம் இஸ்திரி போட்டதுபோல் நிமிர்ந்துவிடும். "கூப்பிடுவாங்க பாரு," என்பார். கூப்பிடுவார்கள்.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார். "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு உங்களையாவது புடிச்சிருக்கா?"

வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தவளிடம் லிஃப்ட்காரர் சொன்னார்: "அதையும் ரெண்டு தடவை எழுந்து போயிட்டு வந்துதான் முடிச்சாருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

எல்லாம் சரிதான். ஆனால் வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு பொருளும் அவள் ஆசைப்பட்டது. ஆசைப்படுகிற நாற்காலியில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

அவளுக்கு அவர்மேல் இருந்தது வெறும் பாசம் மட்டுமில்லை, அதற்குமேல் ஒன்று. முதுகெலும்புத் தட்டு விலகி அவள் படுத்த படுக்கையானபோது, வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி அடுத்த ஊரில் இருந்தது. நல்ல ரோடு பாதி, குண்டும் குழியும் பாதி. பழைய காரின் முன்சீட்டை முழுக்கச் சாய்த்து, பலகை போட்டு, மேலே மெத்தை விரித்து அவளைப் படுக்கவைத்துக் கூட்டிப்போவார். அவர் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: லிஃப்ட் நின்றால் உள்ளே இருப்பவனுக்கு நின்றதே தெரியக்கூடாது. அப்படித்தான் ஓட்டினார். ஒவ்வொரு குழியும் அவருக்கு மனப்பாடம். வருவதற்குச் சற்று முன், "குழி," என்று மெதுவாகச் சொல்வார். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். காரின் கூரையைத் தவிர வேறெதையும் பார்க்காமலே, அவர் குரலைக் கொண்டே எந்த இடத்தில் போகிறோம் என்று அவளால் சொல்ல முடிந்தது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "போப்பா, போ, உனக்குத்தான் அவசரம்," என்பார்.

இத்தனைக்கும் வாலிபத்தில் மோட்டார் சைக்கிளை மேகத்துக்கு மேல் ஓட்டியவர் அவர். பின்னால் உட்கார்ந்த புதுமனைவி அவர் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான் தெறித்திருக்கிறது. அப்படிப்பட்டவர் இரண்டு வருஷம், நிறைகுடத்தை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர் மாதிரி ஓட்டினார். ஒரு நாளும் அலுத்துக்கொள்ளவில்லை. இப்போது அவள் நடக்கிறாள், நிற்கிறாள், கடைக்குப் போகிறாள், அவளே கார் ஓட்டவும் செய்கிறாள்.

கடையில் வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் அவள் தேங்க்ஸ் சொல்வாள். வீட்டில் சொன்னதில்லை. அந்த வீட்டில் அது புழங்காத வார்த்தை. சொன்னால், "என்ன, வெளியாள் மாதிரி பேசுற?" என்று கேட்பார். வார்த்தையால் முடியாது, பொருளாகத்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கடையில் அவளுக்கிருந்த சின்னப் பங்குக்கான பணம் அந்த வருஷம்தான் கைக்கு வந்திருந்தது.

உங்களுக்கு வாங்குகிறேன் என்றால், "எனக்கெதுக்கு?" என்ற ஒரு கேள்வியில் கதவை இழுத்து மூடிவிடுவார். அதனால் அவள் வேறு வழியில் போனாள்.

"ஏங்க, எனக்கு ஒரு கார் வேணும். இந்த டப்பாவை ஓட்டினது போதும். நாலு கதவு இருக்கணும், ஆனா எடுத்தா பறக்கணும். ஸ்போர்ட்ஸ் செடான்னு சொல்றாங்களே, அது."

லிஃப்ட்காரர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "உனக்கா?"

"எனக்குத்தான்."

ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்திருந்த அவள் தம்பி, கூரியர் ஆபீஸ் நடத்துகிறவன், தண்ணீர் புரையேறி இருமினான். "அக்கா, முதுகு ஒரு தடவை போனது பத்தலையா உனக்கு? மாமா, நீங்க சொல்லுங்க."

"இல்ல மாப்ளே, அந்த வண்டில சீட்டு கெட்டியா இருக்கும். முதுகுக்கு அது நல்லதுதான்," என்றார் லிஃப்ட்காரர் சட்டென்று. உடனே தலையைக் குனிந்துகொண்டார். "சும்மா சொன்னேன். அதெல்லாம் நூறு ரிப்பேர் வரும்."

அவள் போட்ட கணக்கு அந்த இடத்திலேயே தப்பிவிட்டது. தனக்கு வேண்டும் என்று அவள் சொன்ன அந்த நிமிஷமே, முகம் சுளிக்கும் வேலை அவர் தலையில் விழுந்துவிட்டது. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

சுளிப்பது ஒருபுறம் இருக்கட்டும், வண்டியைப் பற்றி விசாரிப்பதில் அவரைவிட அவள் தீவிரமாக இறங்கினாள். புது வண்டி கட்டுப்படியாகாது, இரண்டு மூன்று வருஷம் ஓடியதுதான் பார்க்க வேண்டும். அப்படியானால் கைக்கு எட்டுகிற மூன்று வகையில் எது உழைக்கும், எது காலை வாரும்? விற்கிறவனைக் கேட்டு என்ன பயன்? சனிக்கிழமை அரை நாள் விடுமுறையில் சர்வீஸ் சென்டர்களுக்குப் போய், காத்திருக்கும் ஹாலில் ஒரு பத்திரிகையோடு உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பழகிய பழக்கம். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "உங்களுக்கு என்ன?" என்று கேட்டால் போதும், மனுஷர்கள் கொட்டிவிடுவார்கள்.

வெள்ளி நிறக் கார்க்காரர் ஒருவர் சொன்னார்: "ஹைவேல தங்கம்தாம்மா. ஊருக்குள்ள சிக்னலுக்கு சிக்னல் நின்னு போனா, கியர் மாறுறப்ப பின்னாலேருந்து யாரோ உதைக்கிற மாதிரி இருக்கு. மூணாவது தடவை வந்திருக்கேன்."

இன்னொரு வகை, வெள்ளை நிறக் கார். சொந்தக்காரர் ஒரு வக்கீல். "வண்டி அழகுதான். சைடு கண்ணாடி ஒண்ணு உடைஞ்சுது. கடல் தாண்டி வரணுமாம். வர்றதுக்குள்ள நானே போய் வாங்கிட்டு வந்திருப்பேன்."

மூன்றாவது வகை வண்டிக்காரர்கள் ஹாலில் கண்ணிலேயே படவில்லை. ஒரு வழியாக ஓர் உயரமான பெண் வந்தாள், ஆயில் மாற்ற. "பெட்ரோல தண்ணியா குடிக்கும்க்கா. வேற ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது," என்றாள்.

அன்றிரவு சாப்பாட்டில் அவள் தீர்ப்புச் சொன்னாள். "எந்த வண்டிக்காரங்க அங்க கம்மியா உக்காந்திருக்காங்களோ, அதான் நல்ல வண்டி."

"கம்மியா வித்திருந்தா கம்மியாத்தான் உக்காந்திருப்பாங்க," என்றார் லிஃப்ட்காரர்.

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. அடுத்த வாரம் முழுக்க வேலைக்குப் போகும் வழியிலெல்லாம் ரோட்டைப் பார்த்தாள். அந்த வகை வண்டி ரோட்டில் நிறையவே ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் நிறைய, ஹாலில் கொஞ்சம். அதைச் சொன்னபோது அவர், "ம்," என்று மட்டும் சொன்னார். ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. தான் லிஃப்ட் பார்க்கிற கட்டடங்களின் டிரைவர்களையும் தெரிந்த மெக்கானிக்குகளையும் கேட்டு, தினம் ஒரு குறையோடு வீட்டுக்கு வந்தார். இந்த வண்டியில் எஞ்சின் சங்கிலி தளரும், அந்த வண்டியில் தண்ணீர் பம்ப் கசியும், டயர் மெல்லிசு, குழியில் விட்டால் சக்கரமே வளையும். ஸ்போர்ட்ஸ் செடானுக்கு வரக்கூடிய வியாதி ஒன்று பாக்கியில்லாமல் அந்தச் சாப்பாட்டு மேஜையில் வந்து போனது.

'சுத்தமாக இஷ்டமில்லை போலிருக்கிறதே,' என்று அவளுக்குச் சுருக்கென்றது. வேண்டாத வண்டிக்கு யாராவது இவ்வளவு பேரைக் கேட்டு அலைவார்களா என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும்.

முதலில் பார்த்த டீலர், ஒரு வெள்ளைக் காரைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று லிஃப்ட்காரர் போனிலேயே சொல்லியிருந்தார். இரவெல்லாம் ஆறிக்கிடந்த எஞ்சின் முதலில் போடுகிற சத்தத்தில்தான் அதன் வண்டவாளம் தெரியும். போனதும் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார், குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல.

"ஜுரம் அடிக்குதே," என்றார்.

"வெயில்ல நின்னுச்சு சார்," என்றார் விற்பனைக்காரர்.

லிஃப்ட்காரர் தலைக்கு மேலிருந்த தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கடிகாரப் பட்டையைத் திருகினார். அங்கே கதை முடிந்தது.

இரண்டாவது இடத்தில் இருந்தது மேனேஜரம்மா. நடுவயது, கறாரான குரல். மேஜையில் எதைப் படித்தாலும் மோவாயைத் தூக்கி, மூக்குக்கண்ணாடியின் கீழ்விளிம்பு வழியாகப் பார்த்தார். பவர் மாறியிருக்கிறது என்று கண்ணாடிக்காரம்மாவின் மனசு தானாகக் குறித்துக்கொண்டது. கார் அடர்நீலம், அந்த மூன்றாவது வகை, ஒரே கையில் இருந்தது. பானெட் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தபோது லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு செருமல், அப்புறம் சீரான மூச்சு.

ஓட்டிப் பார்க்க அவரே உட்கார்ந்தார். மேனேஜரம்மா பக்கத்தில், மனைவி பின்சீட்டில். ரவுண்டானாவில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இன்னொரு முழுச்சுற்று சுற்றினார்.

"வழி மாறிடுச்சு," என்றார். அந்த ரவுண்டானாவை ஒட்டிய கட்டடத்துக்கு மாதாமாதம் லிஃப்ட் பார்க்க வருகிறவர் அவர்.

தோண்டிப் போட்டிருந்த ரோட்டுக்கு வந்தபோது, "குழி," என்றார் மெதுவாக, பழக்க தோஷத்தில். பின்னால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். குழி தெரிந்தது, வலிக்கவில்லை. சீட் கெட்டியாகத்தான் இருந்தது.

திரும்பிவந்து மேஜையில் உட்கார்ந்ததும் தொடங்கினார் பாருங்கள், அப்படி ஒரு சுளிப்பை அவள் அன்றுவரை பார்த்ததில்லை. மூக்கு, நெற்றி, காது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சுளித்தன. டயர் நாலும் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது என்றார். பின்கதவுக்குத் தனியாகப் பெயின்ட் அடித்திருக்கிறது, கிட்டப்போய்ப் பார்த்தால் தெரிகிறது என்றார். கியர்பாக்ஸுக்கு இன்னும் ஒரு வருஷமாவது உத்தரவாதம் இல்லாமல் எவன் வாங்குவான் என்றார்.

"சார், வண்டி புடிச்சிருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க," என்றார் மேனேஜரம்மா.

"புடிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு?" என்று பட்டையைத் திருகினார் லிஃப்ட்காரர்.

தெருமுனை தாண்டியாயிற்று. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முகம் நிமிரவில்லை. கூப்பிடுவாங்க பாரு என்று சொல்லவும் இல்லை. வீடு வந்து சேரும்வரை அந்தச் சுளிப்பு அப்படியே இருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஓட்டலாம்."

"ஓட்டலாம்னா?"

"ஓட்டலாம்."

அடுப்படியில் கடைசியாகத் தன் தொழிலையே அவர்மேல் காட்டிப் பார்த்தாள். கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பதுபோல, "இப்ப சொல்லுங்க. வெள்ளையா, நீலமா? எது தெளிவா இருக்கு?"

"ஓட்டப் போறது நீ. உனக்கு எது தெளிவோ அது," என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு பெரியவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தபோது மேனேஜரம்மா போன் செய்தார். நாலு டயரும் புதுசு போட்டுத் தருகிறார்களாம், கியர்பாக்ஸுக்கு உத்தரவாதம் உண்டாம், கேட்ட விலைக்கே பேசி முடிக்கலாமாம், பழைய காரையும் எடுத்துக்கொள்கிறார்களாம். பேரம் அவர்கள் வாழ்க்கையிலேயே இவ்வளவு நன்றாகப் படிந்ததில்லை. கண்ணாடிக்காரம்மா கையிலிருந்த லென்ஸை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ரொம்ப நன்றிங்க. ஆனா வேணாம். வீட்டுக்காரருக்கு மனசு ஒப்பல. அவருக்குப் புடிக்காம எனக்கு எதுக்கு?"

சாயங்காலம் லிஃப்ட்காரர் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார். "அந்தம்மா கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. நீங்க கேட்டதுக்கெல்லாம் சரின்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

பூட்ஸ் கயிறு அவர் விரலில் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டு கிடந்தது. "அதுவும் சரிதான்," என்றார். பிறகு, "எல்லாத்துக்குமா சரின்னாங்க?" என்றார்.

"எல்லாத்துக்கும்."

"ம்."

அவள் நிம்மதியாகத் தூங்கினாள். பிடிக்காததை அவர் தலையில் கட்டவில்லை என்ற நிம்மதி.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தாள். அவர் ஆபீஸ் வேனில் முன்பே போயிருந்தார். பழைய காரைத் திறக்கப் போனவளிடம் வாட்ச்மேன் வந்து கேட்டார்.

"என்னம்மா, புது வண்டி எப்போ வருது?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. சார் நேத்து சாயங்காலம் வந்ததும் தூணுக்கு மெத்தை போட்டுட்டுத்தானே மேல போனாரு. கேட்டா சிரிக்கிறாரு."

அவர்கள் கார் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு சிமென்ட் தூண் உண்டு. பழைய காரின் கதவு வாங்கின நாளிலிருந்து அதில் இடித்து இடித்து விளிம்பே நசுங்கிப்போயிருந்தது. அதற்கு அவர் ஒரு நாளும் எதுவும் செய்ததில்லை. இப்போது அந்தத் தூணில், லிஃப்ட் குழிக்குள் அடியில் போடுகிற கறுப்பு ரப்பரை ஒட்டியிருந்தார். மூலைகளை வளைவாக வெட்டி, பசை ஓரத்தில் பிதுங்காமல், எழுத்தாணி பிடித்தவன் வேலை மாதிரி.

கண்ணாடிக்காரம்மா பழைய காரின் கதவைத் திறந்து பார்த்தாள். விளிம்பு ரப்பரில் படவில்லை. ரப்பருக்கு மேலே, வெறும் சிமென்டில் போய் ணங் என்று இடித்தது. அளவில் அவர் தவறுகிற ஆள் இல்லை. இது இந்தக் காருக்கு ஒட்டியதில்லை. தாழ்வான வண்டி, நீளமான கதவு. எந்த நேரத்தில் அந்தக் கதவை அளந்தார்? அன்றைக்கு டயரைப் பார்க்கிறேன் என்று குனிந்து குனிந்து எழுந்தாரே, அப்போதா?

தூணில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். இந்த மனுஷனுக்கு ஆசை என்று ஒன்று வந்தால், அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறார் பார்! தெருமுனை தாண்டியும் ஏன் முகம் நிமிரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கூப்பிடாமல் போய்விடுவார்களோ என்ற பயம். மற்ற பொருளுக்கெல்லாம் அந்தப் பயம் அவருக்கு வந்ததில்லை. அவையெல்லாம் அவள் ஆசைகள்.

தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், நான் ஒரு முட்டாள்டா."

"அது பழைய சேதிதானே. இப்ப எதுக்குக் கூப்பிட்டே?"

மத்தியானம் அவனையும் கூட்டிக்கொண்டு டீலரிடம் போனாள். வாசலில் தம்பி நின்று, "அக்கா, மாமா இல்லாம போறோமே, நான் வேணா சுளிக்கட்டுமா?" என்று ஒரு முகம் காட்டினான்.

"உன் மூஞ்சி சாதாரணமாவே வயித்துவலிக்காரன் மாதிரிதான் இருக்கு. நீ பேசாம வெளிய நில்லு."

வாழ்க்கையில் முதல்முறையாகச் சுளிக்க ஆளில்லாமல் பேரத்துக்கு உட்கார்ந்தாள். முதுகுக்குச் சுவரில்லாத இடத்தில் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

மேனேஜரம்மாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "நேத்து வேணாம்னீங்க. இன்னிக்குக் காலைலேருந்து ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்கம்மா. நேத்து சொன்னது நேத்தோட சரி."

இரண்டு பேர் வந்தார்களோ, ஒருத்தரும் வரவில்லையோ, கேட்டு என்ன ஆகப்போகிறது? எழுந்து போகிற மாதிரி நடிக்கக்கூட அவளுக்குத் தைரியமில்லை. எழுந்தால் கூப்பிடாமல் விட்டுவிட்டால்?

"உள்ளதைச் சொல்லிடறேங்க. வண்டி எனக்கில்ல, அவருக்கு. நான் படுத்துக் கிடந்தப்ப ரெண்டு வருஷம் என்னைக் குலுங்காம தூக்கிட்டுப் போன மனுஷன். வேணும்னு வாயத் தொறந்து கேக்கத் தெரியாது. புடிக்கலைன்னு சொல்ல மட்டும்தான் தெரியும். அதையும் எனக்காகத்தான் கத்துக்கிட்டார். இப்ப நீங்க என்ன சொன்னாலும் நான் வாங்கிட்டுத்தான் போகணும். அதனால பாத்துச் சொல்லுங்க."

மேனேஜரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இப்படிப் பேரம் பேசினா நாங்க எப்படிம்மா பொழப்பு நடத்துறது?" என்றார். கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டினார். "விலை நேத்து சொன்ன விலைதான். கியர்பாக்ஸ் உத்தரவாதமும் தர்றேன். டயர் மட்டும் ரெண்டுதான். நாலு தந்தா எங்க முதலாளி என்னையே டயருக்குப் பதிலா மாட்டிடுவாரு."

"ரெண்டு போதுங்க," என்றாள் அவள். லிஃப்ட்காரர் கேட்டிருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். எழுந்திருக்கும்போது, "உங்களுக்குப் பவர் மாறியிருக்கு. ஒரு தடவை கடைக்கு வாங்க, நான் பாக்கறேன்," என்றாள்.

"வர்றேன். வரும்போது என் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வர்றேன். அவருக்கும் ஒண்ணும் புடிக்காது."

பேப்பர் வேலையெல்லாம் முடிய வாரக்கடைசி ஆயிற்று. அதுவரை வீட்டில் ஒருத்தரும் கார் என்ற சொல்லை எடுக்கவில்லை. லிஃப்ட்காரர் வழக்கம்போல வந்தார், சாப்பிட்டார், படுத்தார். தெருவில் அந்தச் சத்தம் போனபோது மட்டும் மெல்லுவதை நிறுத்தவில்லை, வேகமாக மென்றார். அவள் வாயைக் கட்டிக்கொண்டு பொறுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், அவசரமாக ஒரு பார்சல் கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தம்பி பழைய காரை எடுத்துப்போனான். லிஃப்ட்காரர் வாளியோடு பால்கனிக்கு வந்து துணி உதறத் தொடங்கியிருந்தார். பாதிக் கம்பி நிறைந்தபோது கீழே அந்தச் சத்தம் வந்தது. தெருவில் வந்தது, ஆனால் தெருமுனையைத் தாண்டிப் போகவில்லை. காம்பவுண்டுக்குள் திரும்பி, கட்டடத்தின் அடியில் போய் நின்றது. கதவு திறந்தது. ணங் என்ற சத்தம் வரவில்லை.

லிஃப்ட்காரர் ஒரு தலையணை உறையைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

தம்பி படியேறி வந்து, சாவியை அக்காவின் கையில் வைத்துவிட்டு, "மாமா, ரப்பர் கச்சிதம்," என்று மட்டும் சொல்லித் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போய்விட்டான்.

அவர் அறைக்குள் வந்தார். அவள் சாவியை மேஜையில், கிளிப் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாயிலிருந்த கிளிப்பைக் கையில் எடுத்தார்.

"டயர் நாலும் போட்டாங்களா?"

"ரெண்டு."

"ரெண்டா?" முகம் தன்னால் சுளித்தது. "நாலுக்கு ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னே. என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா..."

"உங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தா எழுந்து வந்திருப்போம்."

அவர் கிளிப்பை மறுபடி பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டார், பேச வேண்டியதில்லை என்பதற்குச் சாக்குபோல.

"அது எனக்கில்லீங்க," என்றாள் அவள். "எனக்குன்னு பொய் சொன்னேன். அந்த ரெண்டு வருஷமும் குழி குழின்னு சொல்லிக்கிட்டே ஓட்டினீங்களே, அதுக்கு. உங்ககிட்ட தேங்க்ஸ்னு சொன்னா சிரிப்பீங்க. அதான் இப்படிச் சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. ஈரக்கையைச் சட்டையில் துடைத்தார், முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை. பிறகு சாவியை எடுத்தார். எடுத்த விதம், சுடச்சுட எதையோ எடுப்பது போலிருந்தது.

"இப்பவாவது ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள் அவள். "புடிச்சிருக்கா, இல்லையா?"

லிஃப்ட்காரர் வாளியைத் தாண்டினார். பாதித் துணி அதற்குள் பிழிந்தது பிழிந்தபடியே கிடந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், கிளிப்பைக் கடித்தபடியே, சாவியோடு கார் நிற்கும் இடத்துக்குப் படியிறங்கிப் போனார்.